பச்சையாய் நின்ற ஒரே பாத்தி

சன்னல் விளிம்பில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் நின்றன. இரண்டிலும் விதைத்தது ஒரே பொட்டலத்துப் பீன்ஸ். இரண்டுக்கும் ஊற்றியது ஒரே குழாயின் தண்ணீர். இரண்டின் மீதும் விழுந்தது ஒரே சன்னலின் வெயில். ஆயினும் இடப்பக்கத்துச் செடி இலை விரித்து நிமிர்ந்து நின்றது. வலப்பக்கத்துச் செடியோ தளிரை முறுக்கி, இலையைக் கிண்ணமாய்க் குழித்து, கழுத்தைத் தரைக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. விதையில் இல்லாத பேதம், நீரில் இல்லாத பேதம், வெயிலில் இல்லாத பேதம் இடையிலே எங்கிருந்து புகுந்தது? இடப்பக்கத் தம்ளரில் இருந்தது வெறும் மண். வலப்பக்கத் தம்ளரில் அதே மண்ணோடு கலந்திருந்தது எரு.

“வலப்பக்கம் இருக்கறவன் எங்க மச்சான் மாதிரியே இருக்கான் மேடம்” என்றார் பிரேக். “சோறு போட்ட கையைப் பாத்தே முகத்தைத் திருப்பிக்கறான்.”

“அவன் மேல குத்தமில்ல பிரேக். அவனுக்குப் போட்ட சோத்துலதான் குத்தம்” என்றார் சர்வேயரம்மா.

தீப்பிடித்த கிடங்குகளையும் வெள்ளம் புகுந்த கடைகளையும் சுற்றிப் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதுதான் அந்த அம்மையாரின் பழைய உத்தியோகம். கம்பெனிக்குப் பிடிக்காத உண்மைகளை அடிக்கடி சொன்னதால் உத்தியோகம் போயிற்று. சர்வேயர் என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறார். பிரேக் அவருடைய வேன் ஓட்டுநர், உதவியாளர். எதற்காகவும் எந்த நேரத்திலும் நிற்காத பேச்சைக் கண்டுதான் ஊரார் அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

வழக்கு இது. நகரத்தின் ஓரத்தில், பழைய செங்கற்சூளை இருந்த நிலத்தில், அடுக்குமாடிக் குடும்பங்கள் ஆளுக்கொரு பாத்தி எடுத்துப் பயிர் செய்யும் பொதுத்தோட்டம் ஒன்று உண்டு. அங்கே இந்தப் பருவத்தில் தக்காளி சுருண்டது, மிளகாய் சுருண்டது, பீன்ஸ் சுருண்டது, உருளைச் செடிகூடத் தலை திருகிக் கிடந்தது. ஒரே ஒரு பாத்தி மட்டும் பச்சையாய் நின்றது. ஆள் உயரத்துக்கு வளர்ந்த மக்காச்சோளம் அதில் காற்றோடு சலசலத்துக்கொண்டிருந்தது. அந்தப் பாத்திக்கு உரியவர் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் நர்ஸக்கா.

சுற்றிலும் செத்துக் கிடக்க ஒருத்தி மட்டும் வாழ்ந்தால், வாழ்வதே அவள் செய்த குற்றமாகிவிடுகிறது. குழாயை மூடாமல் போனவர்களைப் பார்த்து, ‘இப்படித் தண்ணியை வீணாக்கினா நல்லா விளையும், பாத்துக்கிட்டே இருங்க’ என்று நர்ஸக்கா ஒருநாள் சலித்துக்கொண்டிருந்தார். சலிப்பாகப் பிறந்த அந்த வாக்கியம் வாய்க்கு வாய் வளர்ந்து சாபமாயிற்று, சாபம் சதியாயிற்று. களைக்கொல்லியைக் கொண்டுவந்து எல்லார் பாத்தியிலும் தெளித்தவர் அவர்தான் என்று தோட்டச் சங்கத் தலைவரான பேக்கரிக்காரர் தீர்மானித்துவிட்டார். தம்ளர்களில் முடிவு தெரிந்த அன்றே மாலை சங்கக் கூட்டம். நர்ஸக்காவின் பாத்தியைப் பறித்து அவரை வெளியேற்றுவதே அதன் ஒரே பொருள்.

பாத்திக்காக நர்ஸக்கா அழவில்லை. மூன்று வாரங்களுக்கு முன், பழி கிளம்பியதுமே, சர்வேயரம்மாவிடம் வந்து அவர் கேட்டது வேறு.

“பாத்தி போனா போகட்டும்மா. நான் ஊசி போட்டு மருந்து கொடுத்த புள்ளைங்கல்லாம் இன்னைக்கு இதே தெருவுல பெரியவங்களா நடமாடுது. அதுங்க காதுல ‘விஷம் வச்சவ’ன்னு விழக்கூடாது.”

வாழ்நாளெல்லாம் மருந்து கொடுத்த கைக்கு, விஷம் வைத்த கை என்று பெயர். அந்தப் பெயரைத் துடைப்பதற்கு இனி அன்று மாலை வரைதான் அவகாசம் மிச்சமிருந்தது.

சர்வேயரம்மா முதலில் தேடியது குற்றவாளியை அல்ல. தோட்டத்துக்கு வெளியே ஒரு சுருண்ட செடியை. அதைக் கண்டுபிடித்தது, ஊரெல்லாம் வம்பளந்து திரிந்த பிரேக்கின் வாய். தோட்டத்தில் பாத்தி வைத்திருந்த டீச்சர் ஒருவர், எருவண்டி வந்து நின்றதுமே பொறுமையில்லாமல் வண்டியிலிருந்தே ஒரு பை அள்ளிப் போய், தம் வீட்டு உச்சிமாடி பால்கனித் தொட்டிகளுக்குப் போட்டிருந்தார். அந்தத் தொட்டிகளிலும் தக்காளி சுருண்டு கிடந்தது. அதே வரிசையில், அதே எரு போட்ட எலுமிச்சைப்புல் தொட்டி மட்டும் செழித்திருந்தது.

“நர்ஸக்கா மருந்து அடிச்சாங்கன்னா, பறந்து போய்த்தான் அடிச்சிருக்கணும்” என்று பிரேக் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வண்டியிலிருந்த எருவை அதுவரை நர்ஸக்காவின் கை தொடவே இல்லை. அப்படியானால் விஷம் வண்டிக்குள் ஏறும்போதே எருவில் இருந்திருக்கிறது. அதை உறுதி செய்யத்தான் சன்னலில் அந்த இரண்டு தம்ளர்கள். வண்டி வந்த இடம் ஊரறிந்தது. நகரத்துக்கு வெளியே குதிரைலாயம் நடத்தி, சவாரி கற்றுக் கொடுக்கிற ஒருவர் தம் குதிரைகளின் சாணத்தை மக்கவைத்து வருடந்தோறும் தோட்டத்துக்கு இலவசமாக அனுப்புகிறார். அதற்கு நன்றியாகத் தோட்டத்து வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, முதுகுப் பலகையில் ‘குதிரைக்காரருக்கு அன்புடன்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்தக் குதிரைக்காரர் வேறு யாருமல்ல. நர்ஸக்காவின் உடன்பிறந்த தம்பி.

*

நர்ஸக்கா தம் பாத்தியின் ஓரத்துத் தகரக் கொட்டகையில் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளை அந்தக் கொட்டகை வேறொருவருடையது ஆகலாம் என்ற நிலையிலும் மண்வெட்டியை அழுக்கோடு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. மூலையில், சென்ற வருடம் வரை தக்காளிக்கு ஊன்றிய மூங்கில் குச்சிகள் கட்டு அவிழாமல் கிடந்தன. சர்வேயரம்மாவின் பார்வை அந்தக் கட்டின் மீது விழுந்து, சற்றுத் தங்கி, நகர்ந்தது.

தம்ளர்களை அவர் முன்னால் வைத்து, பரிசோதனையின் முடிவைச் சர்வேயரம்மா எளிமையாக எடுத்துச் சொன்னார். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லுகிற களைக்கொல்லி ஒன்று இருக்கிறது. அதைப் புல்வெளியில் தெளிக்கிறார்கள். அந்தப் புல்லைத் தின்னுகிற குதிரைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மருந்து குதிரையின் வயிற்றிலும் சாவதில்லை, எருக்குழியின் சூட்டிலும் சாவதில்லை. சாணமாகி, எருவாகி, தோட்டத்துக்கு வந்து தக்காளியின் வேரில் உட்கார்ந்துகொள்கிறது. மக்காச்சோளம் புல்லினம். ஆகவேதான் நர்ஸக்காவின் பாத்தி பிழைத்தது. அதே எரு அங்கேயும்தான் கிடக்கிறது.

நர்ஸக்கா மண்வெட்டியைத் தகரத்தில் சாய்த்து வைத்தார். பிறகு, எருவைத் தாம் மோந்து பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால் எரு நன்றாக மக்கியிருக்கிறது என்று பொருள். தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. அந்த வாசம் வந்தது. ஆகவே வெள்ளைப் பேசினில் அள்ளி அள்ளி அவரே எல்லாருக்கும் பங்கிட்டார்.

“ஒருத்தருக்குக்கூடக் குறையக்கூடாதுன்னு பேசினைத் தட்டித் தட்டி அளந்தேனேம்மா” என்றார்.

கெட்டதைக் காட்டிக்கொடுக்கும் என்று அவர் நம்பிய மூக்குக்கு எட்டாத விஷம் அது. நாற்றம் இல்லை, நிறம் இல்லை, அடையாளம் இல்லை. உலகத்தில் மிகப் பெரிய துரோகங்களும் அப்படித்தான் வருகின்றன. நல்ல வாசனையோடு, இலவசமாக, தெரிந்தவர் வீட்டு வண்டியில்.

“தம்பிக்கு இது தெரிஞ்சிருக்காது” என்றார் நர்ஸக்கா. “அம்மா போனப்புறம் அவனை நான்தான் தூக்கி வளத்தேன். எதைக் கேளுங்க, சொல்றேன். அவனை மட்டும் இதுல இழுக்காதீங்க.”

சர்வேயரம்மா மூங்கில் கட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வாயெடுத்தார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை விழுங்கிக்கொண்டு வெளியே நடந்தார். பாத்திகளுக்கிடையே சுருண்டு கருகிய தக்காளிகளின் காலடியில் களைப்புல் மட்டும் கொழுத்துக் கிடந்தது.

“ஊருக்கே இழவு வீடு, புல்லுக்கு மட்டும் கல்யாண வீடு” என்று பிரேக் முணுமுணுத்தார்.

*

குதிரைக்காரர் கவர்ச்சியான மனிதர். வண்டி நிற்குமுன்பே எதிரில் வந்து கதவைத் திறந்துவிட்டார். லாயம் கண்ணாடிபோல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. தீவனத் தொட்டிகளின் மேல் குதிரைகள் கழுத்தை நீட்டி நின்றன. பின்புறத்தில் சாணமும் புல்லும் கலந்து மக்கிய எருக்குவியல் ஒரு குன்றாய் எழும்பி நின்றது.

எருவில் விஷம் என்று சர்வேயரம்மா சொன்னபோது அவர் சிரித்தார். கோபப்படவில்லை. ஒரு குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, இதைப் பாருங்கள், இது நோயாளியா என்று கேட்டார். புல்லில் விஷம் இருந்தால் முதலில் விழ வேண்டியது குதிரை அல்லவா? கேட்கிறவர் தலையசைக்கத்தான் வேண்டும்; அத்தனை நியாயமான கேள்வி. சாணத்தை இலவசமாக ஏன் கொடுக்கிறார் என்று கேட்டதற்கும் மறைக்காமல் பதில் சொன்னார். குவியல் உயர்ந்தால் அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்கள், அதிகாரிகள் லாயத்தை மூடச் சொல்கிறார்கள், குப்பைக்கிடங்கில் வாங்க மறுக்கிறார்கள். தோட்டக்காரர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அக்காவுக்கு வயசாயிடுச்சும்மா. தனியா இருந்து இருந்து மனசு கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. இன்னைக்குக் கூட்டத்துல அவங்க சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அதோட முடிச்சுக்கலாம். நீங்களும் இதைக் கிளறாதீங்க.”

குற்றவாளிக்காக மன்னிப்புக் கேட்பது கருணை. குற்றமற்றவளுக்காக மன்னிப்புக் கேட்பது என்ன? அது அவள் கழுத்தில் மாட்டுகிற பலகை. கேட்கிறவன் உத்தமன் ஆகிறான்; யாருக்காகக் கேட்கப்படுகிறதோ அவள் ஊரறிந்த பாவி ஆகிறாள்; விசாரணைக் கதவு அழகாகச் சாத்தப்பட்டுவிடுகிறது. சர்வேயரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் சந்திப்பதாகச் சொல்லி வேனுக்குத் திரும்பினார்.

வேனில் பிரேக் இல்லை. வண்டியைத் திருப்ப இடம் பார்க்கிறேன் என்று லாயத்துக்குப் பின்னால் குதிரைக்காரரின் வீட்டுப் பக்கம் போனவர், சற்றுப் பொறுத்து வாய் கொள்ளாச் சிரிப்போடு வந்து ஏறினார். வண்டி கேட்டைத் தாண்டும்வரை அவர் பேசாமல் இருந்ததே ஒரு செய்தி.

“வீட்டுக்குப் பின்னால தக்காளி மேடம். கொத்துக் கொத்தா, செக்கச் செவேல்னு. ஒரு இலை சுருங்கல.”

“எரு போடாம வளத்திருப்பார்.”

“போட்டிருக்காரே. கடையில விக்கற பாக்கெட் உரம். காலிப் பையெல்லாம் செவுத்தோரம் அடுக்கி வச்சிருக்கு. மலையையே வீட்டுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, கல்லு வாங்கக் கடைக்குப் போற மனுஷனை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

சர்வேயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மகிழ்ச்சியில் செய்கிற காரியம் அது என்பது பிரேக்குக்குத் தெரியும். ஆனால் குரலில் மகிழ்ச்சி இல்லை. கடையில் உரம் வாங்குவது குற்றமல்ல. ஏன் வாங்கினார் என்பதுதான் கேள்வி என்றார். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர், லாயத்துக்குப் புல் விற்கிறவர்.

*

புல்காரர் தம் கிடங்கில் காய்ந்த புல்கட்டுகளை மகளோடு சேர்ந்து அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார். ஆமாம், புல்வெளியில் முட்செடி மண்டியதால் களைக்கொல்லி அடித்தார். மருந்து விற்றவர், இந்தப் புல் தின்ற மாட்டின் சாணமோ குதிரையின் சாணமோ தோட்டத்துக்குப் போகக்கூடாது என்று எச்சரித்தே கொடுத்தார். இவரும் புல் வாங்குகிறவர்கள் எல்லாரிடமும் வாயால் அதைச் சொல்லியே விற்றார்.

“குதிரைக்காரர்கிட்டயும் சொன்னீங்களா?”

“போன வருஷம் தோட்டத்துக்கு எரு போனப்புறம்தான் இந்தப் புல்லை முதல் தடவையா ஏத்தினேன், அப்பவே சொன்னேன். காதுல வாங்கல. அப்புறம் அவர் வீட்டுத் தக்காளி சுருண்டுபோச்சுன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தாரு. அப்ப இன்னொரு தடவை சொன்னேன். இந்த வருஷம் புல்லு ஏத்தறப்பவும் ஞாபகப்படுத்தினேன்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“என் தோட்டத்துக்கு நான் இதைப் போடறதில்லயேன்னாரு.”

பொய் என்று சொல்ல முடியாத பதில் அது. ஒவ்வோர் எழுத்தும் உண்மை. தன் தோட்டத்துக்கு அவர் போடவில்லைதான். தன்னை நம்பியவர்களின் தோட்டத்துக்கெல்லாம் போட்டார்.

மாலைக் கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டபோது புல்காரர் ஒரு கட்டைத் தூக்கி மேலே வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். லாயம் தமக்குப் பெரிய வாடிக்கை என்றார். மகள் மட்டும் தகப்பனாரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

“சாட்சி புல்லுக்கட்டுக்குள்ளயே படுத்துக்கிட்டாரு” என்றார் பிரேக், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. “இப்ப நம்ம கையில என்ன மேடம் இருக்கு? ரெண்டு தம்ளர், கொஞ்சம் காலிப் பை. அந்த ஆளு ஒரு சிரிப்புச் சிரிச்சா எல்லாம் பறந்துடும்.”

“அவர் வாயே நமக்குச் சாட்சி சொல்லும்” என்றார் சர்வேயரம்மா. “சொல்ல வைக்கிற கேள்வியை நான் காலையிலயே விழுங்கிட்டேன். அதை எல்லார் முன்னாலயும் அந்த அம்மாகிட்டயே கேக்க வேண்டியிருக்கும். அதுதான் சங்கடமா இருக்கு.”

*

தோட்டத்து வாசலை ஒட்டிய தகரக் கூரையின் கீழ் சங்கம் கூடியிருந்தது. பெஞ்சுகளில் இடம் போதாமல் பலர் நின்றார்கள். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் நர்ஸக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. யாரும் வந்து உட்காரவில்லை. பேக்கரிக்காரர் குற்றச்சாட்டைப் படிப்பதற்குள் குதிரைக்காரர் எழுந்து கைகூப்பினார்.

அவர் பேசியது உருக்கமாக இருந்தது. அக்கா தம்மைத் தாயாய் இருந்து வளர்த்ததைச் சொன்னார். தனிமை ஒரு மனிதரை என்னவெல்லாம் செய்துவிடும் என்று சொன்னார். செய்ததை மறந்து, பாத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரை நிம்மதியாக விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நர்ஸக்கா தலைநிமிராமல், தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வேயரம்மா எழுந்து இரண்டு தம்ளர்களையும் மேசைமேல் வைத்தார். சன்னலில் முளைத்த கதையையும், உச்சிமாடித் தொட்டிகளில் சுருண்ட கதையையும் சொன்னார். டீச்சர் எழுந்து, வண்டியிலிருந்தே தாம் எருவை அள்ளியது உண்மை என்றார். கூரையின் கீழ் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தெளித்த விஷம் அல்ல, எருவோடு வண்டியில் வந்த விஷம் என்பது விளங்கத் தொடங்கியதும் எல்லாக் கண்களும் மெல்லக் குதிரைக்காரர் பக்கம் திரும்பின.

குதிரைக்காரர் அசையவில்லை. எருவில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அதற்காக மனம் வருந்துவதாகவும், புல்காரர் தம்மிடம் எதுவும் சொல்லவில்லை என்றும், தாமும் ஏமாற்றப்பட்டவர்தான் என்றும் சொன்னார். கடை உரப் பைகளைப் பற்றிக் கேட்டபோது, அது மருமகள் வாங்கியது, வீட்டுத் தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள் என்றார். ஒவ்வொரு பதிலும் சோப்பில் கழுவியதுபோல் இருந்தது. பேக்கரிக்காரர், பாவம், அவருக்கும் தெரியாதே என்று தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

சர்வேயரம்மா அவரிடமிருந்து திரும்பி நர்ஸக்காவின் அருகே போய்க் குனிந்தார்.

“அக்கா, உங்க கொட்டகையில தக்காளிக் குச்சி கட்டு அவிழ்க்காமலே கிடக்கு. வருஷா வருஷம் தக்காளிதானே போடுவீங்க. இந்த வருஷம் ஏன் சோளம்?”

நர்ஸக்கா நிமிர்ந்தார். கண்கள் சர்வேயரம்மாவைத் தாண்டித் தம்பியிடம் போயின. போனவை திரும்பவில்லை.

“விதை இவன்தான் கொண்டாந்து கொடுத்தான்” என்றார், மெல்ல. “வீடு தேடி வந்தான். இந்த வருஷம் தக்காளி வேண்டாம்க்கா, சோளம் போடு, சோளம் மட்டும் போடுன்னான். ஏன்டான்னு கேட்டேன். ஒரு மாத்தம் இருக்கட்டும்னான். தம்பி ஆசையா வாங்கிட்டு வந்திருக்கானேன்னு…”

மீதியைச் சொல்லத் தேவையில்லை. எரு கெட்டது என்று அறியாத மனிதன், கெடாத பயிர் எது என்று எப்படி அறிந்தான்? ஊர் முழுவதுக்கும் விஷத்தை அனுப்பிவிட்டு ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் மாற்று விதையை அனுப்பியவனுக்கு, இரண்டும் எங்கே போய் முடியும் என்பது தெரிந்திருக்கிறது.

குதிரைக்காரரின் கழுவிய குரல் இப்போது இல்லை. அக்காவின் முன்னால் வந்து மண்டியிட்டார்.

“உனக்காகத்தான்க்கா. உன் பாத்தி மட்டும் கெட்டுடக்கூடாதுன்னுதான். வெளியில சொன்னா லாயத்தை மூடிடுவாங்க. உன்னை மட்டுமாவது காப்பாத்தணும்னு நெனச்சேன்.”

“எல்லாரும் சுருண்டு கிடக்கறப்போ நான் மட்டும் பச்சையா நின்னா, ஊர் யாரைப் பாக்கும்னு உனக்குத் தோணலையா?”

அவர் தலை குனிந்தது.

“தோணுச்சுக்கா. அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

தன்னை வளர்த்த கையைப் பழிக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பழிக்கும் முன்கூட்டியே மருந்து தயார் செய்து வைத்திருந்த அன்பு அது. கல்லெறிந்தவனை மன்னிக்கலாம், காயம் எங்கே படும் என்று பார்த்து, அங்கே கட்டுவதற்குத் துணியும் கையோடு கொண்டுவந்தவனை என்ன செய்வது?

நர்ஸக்கா அவரைத் தொடவில்லை, தள்ளவும் இல்லை.

“எனக்கு மட்டும் சோள விதை கொடுன்னு நான் கேட்டேனாடா? விஷயத்தைச் சொல்லியிருந்தா, அந்த எருவை வாசல்லயே கொட்ட விடாம நிறுத்தியிருப்பேன். என் கையால பேசின்ல அளந்து கொடுத்தேன். நீ பாத்துக்கிட்டு நின்னே.”

பேக்கரிக்காரர் எழுந்து நின்றார். பாத்தி நர்ஸக்காவுடையது, அதில் மாற்றமில்லை என்றார். சங்கம் செய்தது தவறு என்றார். அந்த எரு வேறு எந்தத் தோட்டங்களுக்குப் போயிற்று என்று குதிரைக்காரரைக் கேட்டார். அவர் சொன்ன இடங்களுக்கெல்லாம் அன்றே ஆள் அனுப்பினார். காலியாகக் கிடந்த இடத்தில் டீச்சர் வந்து உட்கார்ந்து நர்ஸக்காவின் தோளில் கைவைத்தார். நர்ஸக்கா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். மன்னிப்புக்கள் அவரைச் சூழ்ந்தன. அவர் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார், ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் கட்டிலாகப் போவதுபோல. பெயர் துடைக்கப்பட்டுவிட்டது. துடைத்த துணியில் என்ன ஒட்டிக்கொண்டு வந்தது என்பதை அவர் ஒருவர்தான் அறிவார்.

வாசலில், தம் பெயருக்குப் போட்ட பெஞ்சுக்குப் பக்கத்தில், குதிரைக்காரர் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டத்துக்கு வருகிற நாளெல்லாம் அக்காவை வீட்டில் கொண்டுபோய் விடுவது அவர் வழக்கம்.

“அக்கா, ஏறிக்கோ. வீட்டுல விட்டுடறேன்.”

நர்ஸக்கா அந்தக் கதவைக் கடந்து, செருப்பில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்த்துவிட்டு, வேனில் ஏறி உட்கார்ந்தார். தம்ளர்களை வைத்துக்கொள்ள இடம் இல்லாததால் சர்வேயரம்மா அவற்றை அவர் மடியில் கொடுத்தார். வண்டி புறப்பட்டது. நிமிர்ந்து நின்ற செடியை நர்ஸக்கா ஏறிட்டும் பார்க்கவில்லை. சுருண்ட செடியின் இலை ஒன்றை விரல் நுனியில் எடுத்து, நோயாளிக் குழந்தையின் மூடிய கையைப் பிரிப்பதுபோல் மெதுவாகப் பிரித்தார். விட்டதும் அது மறுபடி சுருண்டது.

“தண்ணி ஊத்தி, வெயில்ல வச்சுப் பாத்துக்கிட்டா, விரிஞ்சுடுமாம்மா?”

“விரியாதுக்கா” என்றார் சர்வேயரம்மா.

நர்ஸக்கா சரி என்பதுபோல் தலையசைத்தார். ஆனாலும் வீடு வரும்வரை அந்த இலையைப் பிரித்துக்கொண்டேதான் வந்தார். ஓட்டுநர் இருக்கையில் பிரேக் சாலையைப் பார்த்தபடி இருந்தார். அந்த வழி முழுவதும் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.